ஸபுர், இஸ்திகாமத், விடாமுயற்சி: ஒரு சொற்பாடம்



நமது வீடுகளில் துன்ப நேரத்தில் அதிகமாகப் புழங்கும் சொல் எது என்று கேட்டால், 'ஸபுர்' என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். மௌத்து வீட்டில் ஸபுர். வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் ஸபுர். பரீட்சையில் பையன் தவறினால் ஸபுர். செய்த வேலைக்குக் கூலி வராமல் நின்றால் ஸபுர். புகுந்த வீட்டில் மருமகள் கண்ணீர் விட்டால் அதற்கும் ஸபுர். இத்தனை இடங்களில் புழங்கும் இச்சொல்லுக்கு நாம் மனத்தில் வைத்திருக்கும் பொருள் யாது? பெரும்பாலோர் வைத்திருப்பது 'வாயை மூடிக்கொண்டு இரு' என்பதே.

இந்தப் பொருள் சரிதானா என்று பார்ப்பதே இம்மாதப் பாடம். அடியேன் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கல்வி. ஆகவே மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. கடையில் மிளகு வேறு, சீரகம் வேறு, சோம்பு வேறு என்று தனித்தனி டப்பாவில் போட்டு வைக்கிறோம் அல்லவா? கஷ்டத்தில் தளராமல் நிற்பதைக் குறிக்கும் சொற்களையும் அதுபோலத் தனித்தனியே எடுத்து வைத்துப் பார்ப்போம். அரபு, தமிழ், மலாய் ஆகிய மூன்று மொழிகளும் நம் வாயில் புழங்குவதால் மூன்றிலிருந்தும் எடுப்போம்.

1. ஸபுர்

ஸாது, பே, றே என்ற மூன்று எழுத்துக்கள் சேர்ந்தது 'ஸப்ர்'. நம்மவர் நாவில் அது 'ஸபுர்' ஆயிற்று. இதன் மூலப்பொருள் கட்டுதல், பிடித்து நிறுத்துதல் என்பதாகும். மனம் பதறி ஓடப் பார்க்கிறது. நாவு தகாததைப் பேசப் பார்க்கிறது. கை தகாததைச் செய்யப் பார்க்கிறது. அவற்றைப் பிடித்துக் கட்டுவதே ஸபுர். துள்ளுகிற மாட்டைக் கயிற்றால் பிடித்து நிற்பவன் சும்மா இருக்கிறானா? அவன் உடம்பு முழுவதும் வேலை செய்கிறது. ஸபுரும் அப்படிப்பட்ட வேலைதான்.

இதே மூன்று எழுத்தில் அரபில் 'ஸபிர்' என்றொரு சொல் உண்டு. அது கற்றாழையின் கசப்புச் சாற்றுக்குப் பெயர். அச்சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கட்டியை யூனானி வைத்தியர்கள் 'முஸப்பர்' என்பார்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'மூசாம்பரம்' என்றும் 'கரியபோளம்' என்றும் கேட்டு வாங்குகிறோமே, அதுவேதான். அடிபட்ட வீக்கத்திற்கு அதை அரைத்துப் பற்றுப் போடுவார்கள். ஸபுரும் கசப்பு, ஸபிரும் கசப்பு. இரண்டும் வீக்கத்தை இறக்கும் என்று பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்வதுண்டு. கசப்பு மருந்து என்பதைக் கவனியுங்கள். மருந்து நோயைத் தீர்ப்பதற்கு உரியது. நோயை அப்படியே வைத்திருப்பதற்கு யாரும் மருந்து போடுவதில்லை.

குர்ஆனில் இவ்வெழுத்துக்களிலிருந்து வரும் சொற்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகின்றன. அல்லாஹ்வின் அழகிய திருநாமங்கள் தொண்ணூற்றொன்பதை எண்ணும்போது, நாம் ஓதி வரும் வரிசையில் கடைசியாக நிற்பது 'அஸ்ஸபூர்' என்பதே. மூன்றே ஆயத்துக்கள் கொண்ட 'வல் அஸ்ரி' சூரா முடிவதும் ஸபுர் என்ற சொல்லிலேதான்.

உலமாக்கள் ஸபுரை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். கடமையைத் தொடர்ந்து செய்வதில் ஸபுர். பாவத்திலிருந்து விலகி நிற்பதில் ஸபுர். வந்த சோதனையைத் தாங்குவதில் ஸபுர். நாமோ மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் இரண்டையும் மறந்துவிட்டோம். தினம் சுப்ஹுக்கு எழுவது ஸபுர். எடை குறைக்கச் சொல்லும் ஆசையை அடக்குவது ஸபுர். இரவுப் பள்ளியில் களைத்த கண்ணோடு பாடம் படிக்கும் பிள்ளை செய்வதும் ஸபுர்.

2. ஒரே வேரில் நான்கு கிளை

அரபு மொழியில் ஒரு வேரிலிருந்து பல வடிவங்கள் கிளைக்கும். வடிவம் மாறினால் பொருளின் அழுத்தமும் மாறும். 'ஸபர' என்றால் தாங்கினான். 'ஸாபர' என்றால் எதிரில் நிற்பவனைக் காட்டிலும் கூடுதலாகத் தாக்குப்பிடித்தான். 'இஸ்தபர' என்றால் வலிந்து, முயன்று, விடாமல் அதிலேயே நிலைத்தான். 'ஸப்பார்' என்றால் மீண்டும் மீண்டும் ஸபுர் செய்பவன், அதையே வழக்கமாகக் கொண்டவன்.

ஆலு இம்ரான் சூராவின் கடைசி ஆயத்தில் முதல் இரண்டு வடிவங்களும் அடுத்தடுத்து ஏவப்படுகின்றன. அவற்றை ஒட்டி மூன்றாவதாக, காவல் நிலையை விட்டு அகலாமல் நிற்பதைக் குறிக்கும் வேறொரு சொல்லும் வருகிறது. சும்மா இருப்பதுதான் பொருள் என்றால் மூன்று ஏவல்கள் எதற்கு? தாஹா சூராவில் குடும்பத்தாரைத் தொழுகைக்கு ஏவும்படி சொல்லுமிடத்தில் வருவது 'இஸ்தபர' என்ற வடிவம். பிள்ளையைத் தொழ எழுப்பிய தாய்மார்களுக்கு அந்த அழுத்தம் எதற்கென்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் எழுப்பினால் போதாது. மறுநாளும் எழுப்ப வேண்டும், அதற்கு மறுநாளும் எழுப்ப வேண்டும்.

3. இடத்துக்கு ஒரு பெயர்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1058 முதல் 1111 வரை வாழ்ந்தவர்கள். அவர்களுடைய இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில் ஸபுருக்கும் ஷுக்ருக்கும் சேர்த்து ஒரு தனிப் பாகம் உண்டு. அதில் அவர்கள் காட்டும் ஒரு நுட்பம் நம் பாடத்துக்கு மிகவும் பொருந்தும். ஸபுர் என்பது ஒரே குணம். அது நிற்கும் இடத்துக்குத் தக்கபடி பெயர் மாறுகிறது என்கிறார்கள்.

சோதனை வந்த இடத்தில் அதற்கு ஸபுர் என்றே பெயர். போர்க்களத்தில் அதுவே 'ஷஜாஅத்' என்னும் வீரம். கோபத்தை அடக்கும் இடத்தில் 'ஹில்ம்'. இச்சையை அடக்கும் இடத்தில் 'இஃப்பத்'. பிறர் இரகசியத்தைக் காக்கும் இடத்தில் 'கித்மான்'. குறைந்த வருவாயில் மனநிறைவோடு வாழும் இடத்தில் 'கனாஅத்'. செல்வம் வந்தபோது தலை கனக்காமல் தன்னைக் கட்டிக்கொள்வதும் இதிலே சேர்ந்ததுதான்.

இப்போது நாம் முதலில் போட்ட பட்டியலுக்குத் திரும்புவோம். எல்லா இடத்துக்கும் 'ஸபுர் செய்' என்று ஒரே சொல்லைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த இடத்திலே ஸபுரின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அநீதி நடக்கும் இடத்தில் அதன் பெயர் வீரம் என்று வருமானால், 'வாயை மூடு' என்று சொன்னவர் அந்த மனிதருக்குத் தவறான டப்பாவிலிருந்து சரக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

4. அழுவது ஸபுருக்கு விரோதமா?

யஃகூப் நபி (அலை) அவர்களின் சரித்திரத்தை யூசுஃப் சூராவிலே ஓதுகிறோம். மகனை இழந்தபோது அழகிய ஸபுரை மேற்கொண்டார்கள். அதே யஃகூப் நபி அழுது அழுது கண்கள் வெளுத்துப்போயின என்றும் அந்தச் சூராவே சொல்கிறது. தம் துயரத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அத்துடன் நின்றார்களா? மற்ற பிள்ளைகளை அழைத்து, நம்பிக்கையிழக்காமல் போய்த் தேடுங்கள் என்று அனுப்பினார்கள். ஆகக் கண்ணீரும் ஸபுருக்குள் அடங்கும், முறையீடும் அடங்கும், தேடி அலைவதும் அடங்கும். ஸபுருக்கே உவமையாகச் சொல்லப்படும் ஐயூப் நபி (அலை) அவர்களும் தமது வேதனையைத் தம் இறைவனிடம் வாய்விட்டுச் சொன்னவர்களே.

இடத்தை விட்டுப் போவது ஸபுருக்கு விரோதமா என்றும் சிலர் கேட்பதுண்டு. மக்காவில் கொடுமை தாங்க முடியாதபோது சஹாபாக்களில் ஒரு கூட்டத்தார் 615ஆம் ஆண்டளவில் அபிசீனியாவுக்குக் கடல் கடந்து போனார்கள். 622இல் மதீனா ஹிஜ்ரத் நடந்தது. அவர்களைப் பார்த்து ஸபுர் இல்லாதவர்கள் என்று சொல்லத் துணிவார் யார்?

ஆகவே கூலி கிடைக்காத தொழிலாளியிடம் 'ஸபுர் செய்யும்' என்று சொல்வதற்கு முன்னால் அவருடைய உரிமையைச் சொல்லுங்கள். மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, கூலிக்காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும்; தவறினால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அடிபடும் பெண்ணுக்கு 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. புகார் எழுதி, அலுவலகப் படியேறி, 'நாளை வா' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி, மறுநாளும் போய் நிற்பதற்கு எவ்வளவு ஸபுர் வேண்டும்! இச்சொல்லை அந்த இடத்திலே அவர்களுக்குச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு ஊன்றுகோலாக இருக்கும்.

5. இஸ்திகாமத்

இச்சொல் 'நின்றான்' என்று பொருள்படும் காம என்ற வேரிலிருந்து வருவது. தொழுகையில் நிற்கும் கியாம், தொழுகைக்கு எழுப்பும் இகாமத், எல்லோரும் எழுந்து நிற்கும் கியாமத் நாள், இவை யாவும் இதன் உறவுச் சொற்கள். நாம் தினம் பலமுறை ஃபாத்திஹாவில் கேட்கும் நேர்வழிக்குரிய 'முஸ்தகீம்' என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பே. ஆகவே இஸ்திகாமத்தில் இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று நிற்றல், மற்றொன்று நேராக நிற்றல். நெடுநாள் நின்றும் கோணலாக நிற்பவனுக்கு இஸ்திகாமத் இல்லை. நேராக நின்று ஒரே நாளில் உட்கார்ந்துவிட்டவனுக்கும் இல்லை.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது, சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இதற்கு என் கடையில் கண்ட ஓர் உதாரணம் சொல்கிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிவாசல்கள் அடைபட்டன, வேலை நின்றது. மளிகைக் கடைகள் திறந்திருந்தன. எங்கள் கடையின் 555 நோட்டுப்புத்தகத்தில் பலருடைய கணக்கு ஏறிற்று. பிறகு நிலைமை சீரானபோது ஒருவர், 'ஸபுர் செய்யுங்கள் பாய், மொத்தமாகத் தருகிறேன்' என்று சொல்லிப் போனார், மொத்தம் வரவில்லை. இன்னொருவர் 300 ரிங்கிட் பாக்கி வைத்தவர். அவர் மாதம் பிறந்தால் பத்து ரிங்கிட் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நோட்டுப்புத்தகத்தில் கழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவார். முப்பது மாதத்தில் கணக்குத் தீர்ந்தது. பத்து ரிங்கிட் பெரிய தொகையல்ல. ஆனால் அவர் ஒரு மாதமும் தவறவில்லை. இஸ்திகாமத் என்ற சொல்லைக் கிதாபில் ஓதியிருக்கிறேன். அதன் உருவத்தை அந்த மனிதரிடம்தான் பார்த்தேன்.

6. அஸ்ம், ஸஃயி, தவக்குல்

அஸ்ம் என்பது மனத்தில் போடும் முடிச்சு, அதாவது தீர்மானம். நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா, முஹம்மது (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகிய ஐவரையும் 'உலுல் அஸ்ம்', அதாவது திடசித்தம் உடையோர் என்று உலமாக்களில் பெரும்பாலோர் குறிப்பிடுவார்கள். மலாய் மொழியில் இச்சொல் 'அஸாம்' என்று வழங்குகிறது. புத்தாண்டு பிறந்தால் பத்திரிகைகளில் 'அஸாம்' என்ற சொல்லை நிறையக் காணலாம். முடிச்சுப் போடுவது எளிது. ஜனவரியில் போட்ட முடிச்சு பிப்ரவரியில் அவிழ்ந்துபோவதும் நாம் அறிந்ததே. அஸ்ம் வாசற்படி, ஸபுரும் இஸ்திகாமத்தும் அதற்கப்பால் நடக்க வேண்டிய தூரம்.

ஸஃயி என்றால் முயற்சி, விரைந்து நடத்தல். ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழு முறை செல்வதற்கு இதுவே பெயர். நம் முன்னோர்கள் அதைத் தொங்கோட்டம் என்றார்கள். இரு குன்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு நடையும் சேர்ந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தாகத்தால் துடித்த பச்சைக் குழந்தைக்காகத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஓடிய ஓட்டம் அது. முதல் முறை ஓடித் தண்ணீரைக் காணவில்லை. ஆறாம் முறை ஓடியும் காணவில்லை. ஆனாலும் ஏழாம் முறையும் ஓடினார்கள். ஜம்ஜம் வெளிப்பட்டதோ அவர்கள் ஓடிய குன்றுகளில் அல்ல. பிள்ளையைக் கிடத்தியிருந்த இடத்தருகே. முயன்ற திசையிலேயே பலன் வரும் என்ற உறுதி நமக்குக் கொடுக்கப்படவில்லை. ஆயினும் அவர்களுடைய ஓட்டமே கோடிக்கணக்கானோர்க்கு அமலாக்கப்பட்டது.

தவக்குல் என்பதை 'அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். அதே வேரில் பிறந்தது 'வகீல்' என்ற சொல். தமிழில் அது வக்கீல் ஆயிற்று. வழக்கை வக்கீலிடம் ஒப்படைக்கிறோம். ஆனாலும் பத்திரத்தையும் சாட்சியையும் நாம்தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்? விசாரணை நாளில் நாம்தானே போய் நிற்க வேண்டும்? ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்துள்ள ஹதீதும் இதைத்தான் போதிக்கிறது. ஆலு இம்ரான் சூராவில் வரும் வரிசையும் கவனிக்கத்தக்கது: முதலில் கலந்தாலோசனை, அடுத்து அஸ்ம், அதற்கடுத்துத் தவக்குல்.

7. தமிழில் உள்ளவை

நம் தாய்மொழியிலும் இத்துறையில் சொல்வளம் மிகுதி. பொறு என்ற வேர் ஒன்றிலிருந்தே பொறுமையும் வருகிறது, பொறுப்பும் வருகிறது. 'பொறை' என்ற பழஞ்சொல்லுக்குச் சுமை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடப்பவனே பொறுமைசாலி. சுமையை இறக்கிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தவனுக்கு அப்பெயர் பொருந்தாது. அரபில் ஸபுர் என்றால் கட்டிப் பிடித்தல். தமிழில் பொறுமை என்றால் சுமத்தல். இரண்டு மொழியாரும் இதை ஒரு வேலையாகவே கண்டிருக்கிறார்கள்.

விடாமுயற்சி என்ற சொல்லைப் பிரித்தால் விடா, முயற்சி என நிற்கும். முயற்சி எல்லோரும் செய்வது. அதற்கு முன்னால் நிற்கும் 'விடா' என்ற இரண்டு எழுத்தில்தான் அருமை இருக்கிறது. தாளாண்மை என்றொரு சொல்லும் உண்டு. தாள் என்றால் கால். முயற்சி என்றும் பொருள். இஸ்திகாமத்தில் நிற்பதைக் கண்டோம். இங்கேயும் காலைத்தான் காண்கிறோம். பள்ளிக்கூடத்தை நடத்துபவரைத் தாளாளர் என்று அழைப்பது இதிலிருந்து வந்ததே.

திருக்குறளில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை, 63 இடுக்கணழியாமை. வரிசையைப் பாருங்கள். முதலில் மனத்தில் ஊக்கம் பிறக்க வேண்டும். பிறகு சோம்பலைத் தள்ள வேண்டும். பிறகு கை வேலையில் இறங்க வேண்டும். வேலையில் இறங்கியவனுக்கு இடையூறு வரும், அதில் அழியாமல் நிற்க வேண்டும். சோம்பியிருப்பவனுக்கு இடுக்கணழியாமையைப் போதிப்பது, கடையே திறக்காதவனுக்கு நஷ்டத்தைத் தாங்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஒப்பாகும்.

8. மலாய் அண்டை வீட்டார் சொல்வன

மலாய்க்காரர்கள் 'சபார்' என்பது நமது ஸபுரேதான். துன்பத்தில் மனம் உடையாமல் இருப்பதை 'தாபா' என்பார்கள்; வேலையில் ஊன்றி நிற்பதை 'தெக்குன்' என்பார்கள். 'தாஹான்' என்பது தாங்குதல். நீடித்து உழைக்கும் பொருளைத் 'தாஹான் லாமா' என்பார்கள். காவலில் வைக்கப்பட்டவனைத் 'தாஹானான்' என்பார்கள். தாங்குவதும் பிடித்து நிறுத்துவதும் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன. ஸபுரின் மூலப்பொருளும் இதுவே என்று முன்னே கண்டோம்.

வேறு இரண்டு சொற்கள் ஊர் மாறிப் பொருளும் மாறியவை. அரபில் 'இக்தியார்' என்றால் தேர்ந்தெடுத்தல். மலாயில் 'இக்தியார்' என்றால் வழி தேடி முயலுதல். வடமொழி 'உத்ஸாஹ' தமிழில் உற்சாகம் ஆகி மகிழ்ச்சியைக் குறிக்கிறது; மலாயில் 'உசாஹா' ஆகி முயற்சியையும் தொழிலையும் குறிக்கிறது. நமக்கு உற்சாகம் மனத்தோடு நின்றுவிட்டது. மலாய்க்காரருக்கு அது கையில் இறங்கி வேலையாகிவிட்டது. நம் பிள்ளைகள் இதை நினைவில் வைப்பது நல்லது.

வேண்டுமென்பவனுக்கு ஆயிரம் உபாயம், வேண்டாமென்பவனுக்கு ஆயிரம் சாக்கு என்ற பொருளில் மலாயில் ஒரு பழமொழி உண்டு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நாம் சொல்லும்போது, அவர்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தால் நாளடைவில் குன்றாகும் என்பார்கள்.

9. பிடிவாதம் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விடாமல் பிடிப்பதெல்லாம் ஸபுர் ஆகாது. தவறு என்று தெரிந்தும் அதிலேயே நிலைப்பதற்கு அரபில் 'இஸ்ரார்' என்று தனிச் சொல் உண்டு. அதன் வேர் இறுகக் கட்டுதல். பணத்தை முடிந்து வைக்கும் முடிச்சுக்கு 'ஸுர்ரத்' என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான். தமிழில் பிடிவாதம் என்கிறோம். மலாயில் 'டெகில்' என்பார்கள். மூன்று மொழியாரும் நல்ல உறுதிக்கு ஒரு பெயரும் கெட்ட உறுதிக்கு வேறு பெயரும் வைத்திருப்பது நம் நன்மைக்கே.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தோன்றும் மூன்று அளவுகோல்களைச் சொல்கிறேன். முதலாவது, பிடித்திருக்கும் காரியம் நியாயமானதா? இரண்டாவது, நம் பிடிப்பினால் வரும் பாரத்தை நாம் சுமக்கிறோமா, மனைவி மக்களின் தலையில் ஏற்றுகிறோமா? மூன்றாவது, காரியம் நடக்காதபோது வழியை மாற்றிப் பார்க்கிறோமா, அல்லது பூட்டிய கதவிலேயே முட்டிக்கொண்டிருக்கிறோமா?

மூன்றாவதற்கு நூஹ் நபி (அலை) அவர்களே முன்மாதிரி. 950 ஆண்டுகள் தம் கூட்டத்தாரிடையே தங்கியிருந்தார்கள். எடுத்த காரியத்தை விடவில்லை. ஆனால் அழைக்கும் முறையை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள் என்பதை நூஹ் சூராவில் காணலாம். இரவில் அழைத்தார்கள், பகலில் அழைத்தார்கள். பகிரங்கமாக அழைத்தார்கள், அந்தரங்கமாகவும் அழைத்தார்கள். நோக்கத்தில் உறுதி, வழியில் மாற்றம்: இதுவே விடாமுயற்சியின் இலக்கணம்.

வியாபாரிகளுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. முதலைத் தின்று, வட்டிக்கு வாங்கி, வீட்டு நகையை வைத்து, 'அப்பா வைத்த கடை, மூடமாட்டேன்' என்று நிற்பது ஸபுரா என்று யோசியுங்கள். கணக்கைத் தீர்த்து, வேலையாட்களின் சம்பளத்தைக் கொடுத்து, கடையைக் கௌரவமாக மூடிவிட்டு வேறு தொழிலில் முதல் நாளிலிருந்து ஆரம்பிப்பவரே சில சமயம் பெரிய ஸபுர்காரர். கடை மூடியது என்பதற்காக அவரை ஏளனமாகப் பார்க்கும் வழக்கத்தை நம் சமூகம் விட வேண்டும்.

10. கஷ்டத்துடன் வரும் இலகு

கஷ்டத்துக்கு அரபில் 'உஸ்ர்'; இலகுவுக்கு 'யுஸ்ர்'. 94ஆம் சூராவில், கஷ்டத்துடன் இலகு உண்டு என்ற செய்தி அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறது. அங்கே இரண்டு நுட்பங்களைத் தஃப்ஸீர்காரர்கள் காட்டுவார்கள். ஒன்று, அங்கே வந்திருக்கும் சொல் 'உடன்' என்பது. 'பிறகு' என்பது அன்று. கஷ்டம் இருக்கும்போதே அதன் பக்கத்தில் இலகுவும் நிற்கிறது, கண் திறந்து பார் என்பது கருத்து. இரண்டு, உஸ்ர் என்ற சொல் இரு தடவையும் 'அல்' சேர்ந்து, குறிப்பிட்ட ஒன்றாக வருகிறது. யுஸ்ர் 'அல்' இல்லாமல் பொதுவாக வருகிறது. அரபு இலக்கணப்படி முன்னது இரு இடத்திலும் ஒன்றே, பின்னது இரண்டு. எனவே ஒரு கஷ்டத்துக்கு இரண்டு இலகு என்று அவர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

கடைக்காரன் கணக்கிலே இது எவ்வளவு இலாபமான பேரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

வீட்டில் பேசுவதற்குச் சில கேள்விகள்

மஃரிபுக்குப் பின் பிள்ளைகளுடன் உட்கார்ந்து இவற்றைப் பேசிப் பாருங்கள்.

அ. இந்த வாரம் நம் வீட்டில் யாரிடம் 'ஸபுர் செய்' என்று சொன்னோம்? அந்த இடத்தில் ஸபுரின் சரியான பெயர் என்ன?

ஆ. சிறிதாயினும் ஒருநாளும் விடாமல் செய்யக்கூடிய ஒரு நற்காரியம் எது? ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்க.

இ. நாம் விடாமல் பிடித்திருப்பவற்றில் பிடிவாதம் எது, உறுதி எது? மூன்று அளவுகோல்களையும் வைத்துப் பார்க்க.

ஈ. பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு ஊக்கமுடைமை முதல் இடுக்கணழியாமை வரையுள்ள நான்கு படிகளில் இப்போது எந்தப் படியில் கை கொடுக்க வேண்டும்?

சகோதரர்களே, இனி ஒருவருக்கு 'ஸபுர் செய்யுங்கள்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, அச்சொல்லுடன் ஓர் உதவியையும் சேர்த்துக் கொடுப்போம். கூலி வராதவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்போம். தவறிய பிள்ளைக்கு ஒரு மாலைப் பாடம் சொல்லிக் கொடுப்போம். மௌத்து வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு அனுப்புவோம். கட்டிப் பிடித்து நிற்பவன் ஒருவனாக நிற்கும்போது கயிறு நழுவும். பக்கத்தில் இன்னொருவர் வந்து பிடித்தால் நிற்கும். வல் அஸ்ரி சூராவில் ஒருவருக்கொருவர் ஸபுரை உபதேசிப்பது பற்றி வருவதும் இதற்காகவே என்பது என் எளிய எண்ணம்.

கஷ்டத்தில் இருப்போருக்கு அல்லாஹ் இலகுவைத் தருவானாக. நம் கால்களை நேராகவும் நிலையாகவும் நிற்க வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.